தக்கையை விட்ட குளிர்காலம்

லேமர் ஏரிக்கரையில் குளிர்காலத்தில் மீன்பிடிக்கிறவனிடம் போய், "எந்த இரைக்குக் கடிக்குது?" என்று கேட்பதைப்போல வீண்வேலை வேறு கிடையாது. கேட்ட மாத்திரத்தில் பொய் வரும். பழுப்பு இறகு கட்டிய கொக்கியில் அள்ளிக்கொண்டிருப்பவன் வெள்ளை என்பான். வெள்ளையில் பிடித்தவன் உயிர்மீன் என்பான். கரையில் காலடிச் சத்தம் கேட்டாலே இரையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் வானத்தைப் பார்ப்பார்கள். தூண்டில் கடைக்குக் காப்பி குடிக்கப் போகும்போது, வண்டியின் பின்னால் கிடக்கிற கோலில் வேண்டுமென்றே மரத்தில் செதுக்கின மீன்வடிவ இரையாக ஒரு மஞ்சள் மரமீனைக் கட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். பார்க்கிறவன் பார்த்து ஏமாறட்டுமே என்று. டென்னசியின் இந்த மலைப்பக்கத்து ஜனம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜனம்தான். மற்ற விஷயத்தில் பொய் சொல்ல வாய் கூசும். இரை விஷயத்தில் சொன்னால் அது பாவக்கணக்கில் சேராது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்போல.

இந்தக் கலையில் ஹோபர்ட் ரெக்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலுறை மில்லில் பின்னல் எந்திரங்களைப் பழுது பார்த்துக் காலம் தள்ளியவன். மில் மூடினதும் பென்ஷனும் தூண்டிலும் என்று ஆகிவிட்டான். மனைவி தவறிப்போய் வெகுநாளாகிறது, பிள்ளை கிடையாது. உறவென்று இருந்தது தங்கை வெர்னாவும் அவள் புருஷன் ஆர்லிஸ் கேகலும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. பன்றிக்கொழுப்புப் போட்டு வேகவைத்த பீன்ஸ், சோளரொட்டி, வெங்காயத்தோடு வறுத்த உருளைக்கிழங்கு. சாப்பிட்டு முடித்து, மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவனுக்கொருவன் அந்த வாரத்துப் பொய்களைச் சொல்லிக்கொள்வார்கள். இவன் வெள்ளை என்றால் அவன் வெள்ளையைத் தொடமாட்டான். அவன் ஆழம் என்றால் இவன் மேலாகப் போடுவான். கல்யாணமான நாளிலிருந்து இப்படியேதான். வெர்னா பாத்திரம் கழுவிக்கொண்டே, "ரெண்டு பேரும் சேந்து ஒரு உண்மை பேசி நான் கேட்டதில்ல" என்பாள்.

ஹோபர்ட்டுக்கு அந்த நாட்களில் உள்ளூர ஒரு பயம் இருந்தது. வடக்கே வெகுதூரத்தில், ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரத்தில் இருக்கிற ஆர்லிஸின் மகள் டினீஸ், வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று பெற்றவர்களைத் தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். வெர்னாவுக்குப் பாதி மனசு. ஆர்லிஸ்தான் பிடிகொடுக்கவில்லை.

"என் கையால ஒரு மீனப் பிடிக்க முடியாம போற அன்னைக்கி வரேன்னு சொல்லிட்டேன் மச்சான். அதுவரைக்கும் அந்தப் பேச்சே எடுக்காதன்னுட்டேன்."

"நீ இப்பமும் பிடிக்கிறதில்லையே மாப்ள. அந்தக் கணக்குக்கு நீ எப்பவோ போயிருக்கணும்."

"போனா ஒனக்கு ஞாயித்துக்கெழமை யாரு சோறு போடுவா?"

கேலிக்குக் கேலி. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் ஹோபர்ட் அதையே நினைத்துக்கொண்டு போவான். இவர்கள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்? ஆர்லிஸ் மீன்பிடிக்கிறவரைக்கும் கவலையில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வான்.

குளிர்காலத்தில் அந்த ஏரியில் பாஸ் மீன் பிடிக்க ஊரறிந்த வழி ஒன்று உண்டு. தண்ணீர் சில்லிட்டுவிட்டால் பாஸுக்கு ஓடித் துரத்தத் தெம்பிருக்காது. செங்குத்துப் பாறையோரம் ஆழத்தில் சும்மா நிற்கும். வாத்து இறகு கட்டிய சின்னக் கொக்கியை அதன் மூக்குக்கு நேரே தொங்கவிட்டு, மேலே தக்கையை மிதக்கவிட்டு, அந்தத் தக்கையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மீன் இரையை எடுத்தால் தக்கை முங்காது, இழுபடாது. லேசாகச் சாயும், அவ்வளவுதான். அந்தச் சாய்வைப் பார்த்தவனுக்கு மீன், பாராதவனுக்கு விறைத்த கால். ஆர்லிஸ் அதில் மன்னன். தண்ணீர்மேல் ஒரு பூச்சி உட்கார்ந்தாலும் சொல்லிவிடுவான்.

அப்பேர்ப்பட்ட ஆர்லிஸ், அந்த வருஷம் நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் பண்டிகை முடிந்து முதல்தடவை பாறைக்கு வந்தபோது, தக்கையே கொண்டுவரவில்லை. கோல் நுனியில் ஒரு உலோகத் தகடு தொங்கியது. மீன் வடிவத்தில் வெட்டின கனத்த தகடு. அதை அடியாழம்வரை இறக்கி, கோலைத் தூக்கித் தூக்கி விடவேண்டும். தூக்கும்போது கைக்குள் கிறுகிறுவென்று அதிரும்.

"என்ன மாப்ள, தக்கை எங்க?"

"சலிச்சுப்போச்சு மச்சான்."

சலித்துப்போயிற்றாம். முப்பது குளிர்காலம் சலிக்காதது இப்போது சலித்துவிட்டதாம். ஹோபர்ட் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். பயல் எதையோ கண்டுபிடித்துவிட்டான். இந்தத் தகட்டில் சூட்சுமம் இருக்கிறது, சொல்லமாட்டேன் என்கிறான்.

அன்றிலிருந்து ஹோபர்ட் தன் தக்கையைப் பார்த்ததைவிட ஆர்லிஸைப் பார்த்ததுதான் அதிகம். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் ஏறியது. முன்பெல்லாம் இரையைத் தூண்டில் நரம்பில் முடிச்சுப்போட்டுக் கட்டுகிறவன், இப்போது ஊக்குப்போல ஒரு கொளுவியை மாட்டிவைத்திருந்தான். இரையைக் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றிவிடலாம். ஆள் வந்தால் சட்டென்று ஒளிப்பதற்குத்தான் என்று ஹோபர்ட் தீர்மானித்தான். பாறைக்கு இறங்குகிற சரிவில் எப்போதும் முன்னால் போகிறவன் இப்போது பின்னால் வந்தான். "நீ போ மச்சான், ஒன் பின்னாடி வரேன்" என்றான். கையை மறைத்துக்கொண்டு நடக்கிறான், இரையை நான் பார்த்துவிடக் கூடாதாம் என்று இவன் நினைத்தான். வண்டியை அவன் ஓட்டி வருவதில்லை. வெர்னா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். கேட்டால், வண்டியில் கியர் சரியில்லை என்றான். இரைப்பெட்டியைத் தன் காலுக்கு நடுவிலேயே வைத்துக்கொண்டான். இரை மாற்றவேண்டுமென்றால் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, கையை மட்டும் உள்ளே விட்டு, ஏரியைப் பார்த்தபடியே துழாவி எடுப்பான். பெட்டிக்குள் பார்க்கவே மாட்டான்.

"பொட்டிய நல்லாத் தொறந்துதான் எடேன். உள்ள என்ன பாம்பா வச்சிருக்க?"

"ஒனக்கெதுக்கு மச்சான்? நீ ஒன் தக்கையைப் பாரு. சாஞ்சிருக்கப் போகுது."

"சாயல."

"எனக்கு இங்கேருந்து பாத்தா சாஞ்ச மாதிரி இருக்கே," என்று ஆர்லிஸ் சிரித்தான். ஹோபர்ட் பதறித் திரும்பிப் பார்த்தான். தக்கை குத்துக்கல்லாக நின்றது. அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து நொந்துபோனான்.

ஆர்லிஸ் அந்தத் தகட்டில் மீனும் பிடித்தான், அதுதான் கொடுமை. நிறைய இல்லை, ஆனால் நல்ல மீன். ஹோபர்ட் கடைக்குப் போய், ஆர்லிஸ் வைத்திருந்ததுபோலவே தகடு வாங்கிவந்து, அவன் இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டான். பாறை இடுக்கில் மாட்டி அறுந்து போனதுதான் மிச்சம். மீன் ஒன்றும் ஏறவில்லை. கடைக்காரி லூடீனிடம், "ஆர்லிஸ் ஒங்கிட்ட வேற என்ன வாங்குறான்?" என்று வாயைக் கிண்டினான். அவள், "மஞ்சளா ஒண்ணு" என்று கூசாமல் சொன்னாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

ஜனவரியில் ஒருநாள். காற்று மேற்கிலிருந்து ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது. அணைக்காரர்கள் ஏரியை வடித்துவிட்டிருந்ததால் கரையெல்லாம் சிவப்புச் சேறு. ஆர்லிஸ் காலையிலேயே ஒரு பெரிய மீனைப் பிடித்து, தடவிப் பார்த்து, தண்ணீரில் விட்டிருந்தான். ஹோபர்ட்டுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சநேரம் கழித்து ஆர்லிஸ், சிறுநீர் கழித்துவிட்டு வருகிறேன் என்று மெதுவாக மேலே ஏறித் தேவதாரு மரங்களுக்குப் பின்னால் போனான். பெட்டி பாறைமேல் இருந்தது.

ஹோபர்ட்டுக்குக் கை சும்மா இருக்கவில்லை. போய்த் திறந்தான்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால், ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது எதுவோ அதுதான். தகடுகள், ஈயத்தலை வைத்த கொக்கிகள், இரண்டு மரமீன்கள். கனமானவை இடப்பக்கம், லேசானவை வலப்பக்கம் என்று அழகாக அடுக்கியிருந்தான். சில அறைகளின் விளிம்பில் துணி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, ஓர் அறையில் நூல் முடிச்சு. சூட்சுமம் என்று எதுவும் கண்ணில் படவில்லை. இத்தனை வாரமாக இதற்கா தூக்கம் கெட்டேன் என்று ஹோபர்ட்டுக்குச் சினம் வந்தது. சினத்தின் மேலே விளையாட்டும் வந்தது. பழைய காலத்தில் ஆர்லிஸ் இவன் காலணிக்குள் மண்புழு போட்டிருக்கிறான், இவன் அவன் காப்பிக் குடுவையில் உப்புப் போட்டிருக்கிறான். மளமளவென்று இடப்பக்கம் இருந்ததை வலப்பக்கமும் முன்னால் இருந்ததைப் பின்னாலும் மாற்றிப் போட்டுவிட்டு, மூடியை மூடி, தன் கோலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். வந்து திறந்து பார்த்ததும் நம் தலைமுறையையே இழுத்துத் திட்டுவான் என்று காத்திருந்தான்.

ஆர்லிஸ் வந்தான். வழக்கம்போல மூடியைக் கொஞ்சம் தூக்கி, கையை விட்டு, ஒன்றை எடுத்து மாட்டி வீசினான். லேசான இரை, காற்று தூக்கி அவன் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது. சுருட்டினான். மறுபடி கையை விட்டான், வேறொன்றை எடுத்தான். உள்ளங்கையில் வைத்து எடைபார்த்தான். போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தான். விரலில் கொக்கி ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். பிறகு பெட்டியை மடியில் வைத்துப் பாறையில் உட்கார்ந்து, ஒவ்வோர் அறையாகத் தடவினான். முகத்தைப் பெட்டிக்கு மிக அருகில் கொண்டுபோனான், பக்கவாட்டில் திருப்பினான்.

ஹோபர்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு தக்கையைப் பார்க்கிறவன்போல நின்றான். திட்டு வரும் வரும் என்று பார்த்தான். வரவில்லை.

"இன்னைக்கிப் போதும் மச்சான்," என்றான் ஆர்லிஸ். "வீட்டுல விட்டுரு."

"இப்பத்தான வந்தோம்."

"குளுருது."

வண்டியில் ஆர்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான். பெட்டியை நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்கு ரோஷம், பொத்திவைத்ததில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டதே என்று கோபம், இருக்கட்டும் என்று ஹோபர்ட் நினைத்துக்கொண்டான். நினைப்பதற்கு அவனுக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும். வீட்டு வாசலில் இறங்கும்போது ஆர்லிஸ் வண்டிக்கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப்பிறகு அவன் பாறைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹோபர்ட் போனபோது வெர்னா, அவருக்குச் சளி, படுத்திருக்கிறார் என்றாள். அடுத்த ஞாயிறும் சளி. மூன்றாம் ஞாயிறு ஹோபர்ட் போகவில்லை. ஒரு விளையாட்டுக்கு இத்தனை வீம்பா, வேண்டுமானால் அவனே வரட்டும். ரேடியோவைப் போட்டுக்கொண்டு, டப்பாச் சூப்பைச் சூடாக்கிக் குடித்தான். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. பிப்ரவரி முழுக்கத் தனியாகப் போய்ப் பாறையில் நின்றான். மீன் பிடித்தபோதெல்லாம் பொய் சொல்ல ஆளில்லாமல் திரும்பி வந்தான்.

மலையடிவாரத்தில் செவ்வரளி நிறத்தில் ரெட்பட் மரங்கள் பூத்து, ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கிய சமயம், தபாலாபீசுக்குப் போன ஹோபர்ட் தங்கை வீட்டு வழியாக வந்தான். புல்வெளியில் ஒரு பலகை நட்டிருந்தது. விற்பனைக்கு என்ற எழுத்தின்மேல், விற்றாயிற்று என்று குறுக்கே ஒட்டியிருந்தார்கள். வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போனான்.

வெர்னா முன்னறையில் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீ வந்தாத்தானண்ணே சொல்றதுக்கு." அவள் நிமிரவில்லை. "போன்ல சொல்ற சேதியா இது?"

"மீன் பிடிக்கிறவரைக்கும் போகமாட்டேன்னான்ல அவன்?"

வெர்னா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அவருக்குக் கண்ணு போயிருச்சுண்ணே."

ஹோபர்ட்டுக்கு விளங்கவில்லை.

"கோடையிலயே ஆரம்பிச்சிருச்சு. எதையும் நேராப் பாத்தாப் போதும், அந்த எடம் மட்டும் புகை மூட்டுன மாதிரி இருக்குமாம். ஓரத்துல தெரியும், நடுவுல தெரியாது. குணப்படுத்த முடியாதுன்னுட்டாங்க. தக்கை தெரியல, அதான் கையில உணர்ற இரையாப் பாத்துத் தகட்டுக்கு மாறினாரு. ராத்திரியெல்லாம் சாப்பாட்டு மேசையில உக்காந்து, கண்ண மூடிக்கிட்டு, எந்த இரை எந்த அறையில இருக்குன்னு தடவித் தடவிப் பழகினாரு. பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்ததே நாந்தான். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏன்?"

"அத நீ அவருகிட்டத்தான் கேக்கணும். சந்தோஷமாத்தான் இருந்தாரு. கையே போதும் வெர்னா, கண்ணு இல்லாமலே நான் சாகிற வரைக்கும் பிடிப்பேன்னாரு. அப்புறம் ஜனவரியில ஒருநாள் வந்து கட்டில்ல உக்காந்து அழுதாரு. எங்க கல்யாணமாகி அவர் அழுது நான் பாத்ததில்ல. 'என் பொட்டியே எனக்குத் தெரியல, எதத் தொட்டாலும் வேற எதுவோ வருது, புத்தியும் போயிட்டிருக்கு போல'ன்னாரு. அன்னைக்கே டினீஸுக்குப் போன் போட்டு, வரோம்னு சொல்லிட்டாரு."

ஹோபர்ட் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். அதற்குள் கண்ணாடிச் சாமான் இருக்கிறது என்று வெர்னா சொன்னது அவன் காதில் விழவில்லை. இத்தனை நாள் கூடவே நின்றிருக்கிறான். கொளுவியைப் பார்த்தான், பின்னால் நடந்ததைப் பார்த்தான், பெட்டிக்குள் பாராமல் எடுத்ததைப் பார்த்தான், எல்லாவற்றையும் பார்த்தான் பாவி. ஒன்றையாவது சரியாக நினைத்தானா? தன் கையை வெட்டிப்போடலாம் என்று வந்தது. முதலில் ஆர்லிஸிடம்தான் சொல்லவேண்டும். எழுந்து அடுப்படிக்குப் போனான்.

ஆர்லிஸ் மேசையருகில் காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். காலடியைக் கேட்டுத் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தான்.

"வா மச்சான். எதுக்குக் கடிக்குது இப்ப?"

"பழுப்பு இறகுக்கு," என்றான் ஹோபர்ட். வாழ்க்கையில் முதல்தடவையாக உண்மை வந்தது.

"அப்போ பழுப்பு இல்ல," என்று ஆர்லிஸ் சிரித்தான்.

ஹோபர்ட் எதிரே உட்கார்ந்தான். "ஏன் மாப்ள எங்கிட்ட சொல்லல?"

ஆர்லிஸ் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும் மச்சான். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவ. தக்கை சாயுது, இழுன்னு சொல்லுவ. எதுக்குக் கடிக்குதுன்னு கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுவ. கண்ணு தெரியாதவங்கிட்ட யாரு பொய் சொல்லுவா? எனக்குப் பொய் சொல்ல இந்த ஊர்ல ஒரு ஆளாவது இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

ஹோபர்ட் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தேவதாரு மரத்துக்குப் பின்னால் அவன் போனதும் பெட்டியைத் திறந்தது, ஒன்றுமில்லாததைப் பார்த்துக் கடுப்பானது, எல்லாவற்றையும் இடம் மாற்றியது. விளையாட்டுக்கு என்று சொல்ல வந்து அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டான். "நீ திட்டுவேன்னு நின்னேன்," என்றான். "திட்டியிருந்தீன்னா அப்பவே சொல்லியிருப்பேன்." மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டான்.

அடிப்பான் என்று ஹோபர்ட் எதிர்பார்த்தான், அடித்தால் தேவலை என்றிருந்தது. ஆர்லிஸ் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தான்.

"கனத் தகடு இடது மூலையில இருந்துச்சா?"

"ஆமா."

"அதுக்குப் பக்கத்துல, நூல் முடிச்சு இருக்கிற அறையில மரமீனு?"

"ஆமா மாப்ள. நான் மாத்துறதுக்கு முந்தி அப்படித்தான் இருந்துச்சு."

ஆர்லிஸின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் ஹோபர்ட்டால் தாங்கமுடியவில்லை.

"வெர்னா," என்று ஆர்லிஸ் உரக்கக் கூப்பிட்டான். "வெர்னா, இங்க வாயேன். என் கை சரியாத்தான் இருந்திருக்கு. புத்திக்கு ஒண்ணும் ஆகல. மச்சான்தான் மாத்தி வச்சிருக்கான். கேட்டியா?"

செய்தித்தாள் சத்தம் நின்றது. வெர்னா அடுப்படி வாசலுக்கு வந்து, ஒரு தட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள். புருஷனைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து ஹோபர்ட் கண்டதில்லை.

"கேட்டுச்சு," என்றாள். "வீடு வாங்கினவங்க வெள்ளிக்கெழமை சாவிக்கு வராங்க."